பால் கவர், பார்சல் டப்பா, பிஸ்கெட் உறை: இந்தியாவில் உணவுப் பேக்கிங்கின் கார்பன் கணக்கு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பில் குப்பையைத் தரம் பிரிக்கும் வேலையை நாங்கள் சிலர் சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம். மாதக் கூட்டம் எதுவானாலும் யாராவது ஒருவர் கையில் ஒரு காலி உறையோடு வந்து நிற்பார். "இதனால் பூமி எவ்வளவு சூடாகிறது?" என்பார். அந்தக் கேள்விகளையும் நாங்கள் படித்து, எடை போட்டு, விவாதித்துக் கண்டுபிடித்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்குகள் இந்தியாவைப் பற்றியவை. உதாரணங்களில் பெரும்பாலானவை நம் ஊர்க் கடையிலும் அடுப்படியிலும் பார்த்தவை.

உணவுப் பேக்கிங்கின் கார்பன் உமிழ்வு என்றால் எதையெல்லாம் சேர்க்கிறார்கள்?

உள்ளே இருக்கும் பிஸ்கெட்டை விட்டுவிடுங்கள், உறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த உறைக்கு வேண்டிய எண்ணெயோ எரிவாயுவோ பூமியிலிருந்து எடுக்கப்படுவது, பிளாஸ்டிக் மணியாவது, மணி உருகி ஜவ்வுத்தாளாவது, அதில் அச்சடிப்பது, தொழிற்சாலைக்கு லாரியில் போவது, கடைசியில் எரிவதோ புதைவதோ உருகி வேறொன்றாவதோ, இத்தனையும் சேர்ந்ததுதான் கணக்கு. காகிதம், கண்ணாடி, தகரம், அலுமினியம் எல்லாவற்றுக்கும் இதே வழிதான். மீத்தேன் போன்ற மற்ற வாயுக்களையும் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாக மாற்றிக் கூட்டிக்கொள்வார்கள். நூறு வருடக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் சுமார் 28 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். கீழே 'இத்தனை கிலோ கார்பன்' என்று சுருக்கமாகச் சொல்வதெல்லாம் இப்படிக் கூட்டிய கணக்குதான்.

உணவால் வரும் மொத்த உமிழ்வில் பேக்கிங்கின் பங்கு எவ்வளவு?

உலக அளவில் சுமார் 5 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வாளர்கள் 2021ல் 'எட்கர்-ஃபுட்' என்ற தரவுத்தொகுப்பை வெளியிட்டார்கள். 1990 முதல் 2015 வரை ஒவ்வொரு நாட்டிலும் உணவு தொடர்பாக எவ்வளவு உமிழ்வு வந்தது என்று வயலில் தொடங்கிக் குப்பைத்தொட்டி வரைக்கும் பிரித்துக் கொடுத்த முதல் பெரிய முயற்சி அது. 2015ல் உலகின் மொத்த உமிழ்வில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது 34 சதவீதம், உணவால் வந்தது என்றது அந்த ஆய்வு. அதற்குள் பேக்கிங் 5.4 சதவீதம். உணவை லாரியிலும் கப்பலிலும் ஏற்றி அனுப்புவதற்கு ஆனது 4.8 சதவீதம்தான். தூரத்திலிருந்து வரும் ஆப்பிளைப் பார்த்துக் கவலைப்படுகிற அளவுக்கு அதைச் சுற்றியிருக்கும் உறையைப் பற்றி நாம் கவலைப்படுவதில்லை. படவேண்டும்.

இந்தியாவின் நிலை என்ன?

உணவால் அதிகம் உமிழும் ஆறு பெரும் பொருளாதாரங்களில் இந்தியாவும் ஒன்று. உலகின் உணவு உமிழ்வில் நம் பங்கு 6.3 சதவீதம் என்று அதே ஆய்வு சொல்கிறது. நம் கணக்கில் பெரும்பகுதி நிலத்திலேயே முடிந்துவிடுகிறது. தண்ணீர் கட்டிய நெல் வயலிலிருந்தும் மாட்டின் வயிற்றிலிருந்தும் மீத்தேன் வருகிறது, உரத்திலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு வருகிறது. அவற்றுக்குப் பக்கத்தில் பேக்கிங் சின்னதுதான். ஆனால் மாடும் வயலும் ஆயிரம் வருடங்களாக இருப்பவை. பேக்கிங் நம் கண்ணெதிரே, ஒரே தலைமுறையில் வளர்ந்து நிற்பது. அதனால்தான் அதன் காலக்கோடு முக்கியம்.

அந்தக் காலக்கோட்டைச் சொல்ல முடியுமா?

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இது நன்றாகவே நினைவிருக்கும். அண்ணாச்சி கடையில் கூரையிலிருந்து ஒரு நூல்கண்டு தொங்கும். பழைய செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி, துவரம்பருப்பைக் கொட்டி, மேல்விளிம்பை மடக்கி, நூலை இழுத்து இரண்டு சுற்று சுற்றி, விரலாலேயே அறுப்பார். இரண்டு கைகளுக்குள் பத்து விநாடியில் ஒரு பொட்டலம். எண்ணெய்க்குத் தூக்குவாளியை நாமே கொண்டுபோவோம். அரிசி சணல் சாக்கில் வரும், அந்தச் சாக்கு மறுபடி ஆலைக்குப் போகும். அல்வாவும் பூவும் இலையில் வரும். பால் கண்ணாடி பாட்டிலில், மேலே மெல்லிய அலுமினியத் தாள் மூடியோடு வரும். காலி பாட்டிலைக் கழுவி வைத்தால்தான் மறுநாள் பால். தொழிற்சாலைப் பேக்கிங் என்று வீட்டில் இருந்தது டால்டா டின்னும் பிஸ்கெட் டின்னும்தான். காலியான பிறகு அவையும் பருப்பு டப்பாவாகிவிடும்.

1970ல் தொடங்கிய வெண்மைப் புரட்சியில் பால் நகரங்களுக்குப் பெருமளவில் வரத் தொடங்கியது. பாட்டில் கழுவி மாளாது என்ற நிலை வந்ததும் பாலிதீன் கவர் அந்த இடத்தைப் பிடித்தது. 1985ல் மாம்பழச்சாறு ஃப்ரூட்டி என்ற பெயரில் டெட்ரா பேக்கில் வந்தது. பிளாஸ்டிக் சாக்கு சணலை விழுங்கிவிடும் என்ற பயத்தில் 1987ல் மத்திய அரசு ஒரு சட்டமே போட்டது. தானியத்தையும் சர்க்கரையையும் சணல் சாக்கில் கட்டவேண்டும் என்றது அந்தச் சட்டம். வங்காளத்துச் சணல் விவசாயிகளையும் ஆலைத் தொழிலாளர்களையும் காப்பாற்றுவதுதான் அதன் நோக்கம். கார்பனைப் பற்றி அன்று யாரும் யோசிக்கவில்லை. ஆனாலும் இந்தியாவில் கோடிக்கணக்கான பிளாஸ்டிக் சாக்குகளைத் தவிர்த்த சட்டம் அது.

பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட 1991க்குப் பிறகு வேகம் கூடியது. பெட் பாட்டில், பளபளக்கும் சிப்ஸ் உறை, ஒரு ரூபாய் காபித்தூள் பாக்கெட், சூப்பர் மார்க்கெட்டில் அரை கிலோ உளுந்து ஒரு கவர். 2010களில் செயலி வழியே வீட்டுக்கு வரும் சாப்பாடு சேர்ந்துகொண்டது. ஒரு சாம்பார் இட்லிக்கு மூன்று டப்பா, ஒரு ஸ்பூன், ஒரு டிஷ்யூ, இவை எல்லாவற்றையும் போட ஒரு பை.

இதில் என் கண்ணில் படுவது ஒன்றுதான். முன்பிருந்த பாத்திரம், பாட்டில், சாக்கு, டின் எல்லாம் போன இடத்திலிருந்து திரும்பி வந்தன. இப்போது வருவது எதுவும் திரும்புவதில்லை. உறையின் எடை குறைந்தது உண்மை. ஆனால் எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு கூடிவிட்டது.

ஆண்டுவாரியாக வரும் புள்ளிவிவரங்களை அப்படியே நம்பலாமா?

கவனமாகப் பாருங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பிளாஸ்டிக் கழிவுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2017–18ல் சுமார் 6.6 லட்சம் டன். அடுத்த வருடம் 33 லட்சத்துக்கு மேல். 2019–20ல் சுமார் 34.7 லட்சம், 2020–21ல் 41 லட்சத்துக்கு மேல். முதல் இரண்டு எண்களை மட்டும் வரைபடமாகப் போட்டால் ஒரே வருடத்தில் நாடு ஐந்து மடங்கு பிளாஸ்டிக்கைக் கொட்டியதுபோல் தெரியும். நடந்தது அதுவல்ல. முதல் வருடம் பாதிக்கும் குறைவான மாநிலங்களே கணக்குக் கொடுத்தன. அடுத்த வருடம் மற்றவையும் கொடுத்தன, அவ்வளவுதான்.

கார்பன் கணக்கிலும் இதே சிக்கல் உண்டு. யாரும் ஒவ்வொரு உறையின் புகையையும் அளப்பதில்லை. நாட்டில் எவ்வளவு பிளாஸ்டிக், காகிதம், கண்ணாடி, அலுமினியம், இரும்பு உற்பத்தியானது, அதில் எவ்வளவு உணவுப் பேக்கிங்குக்குப் போயிருக்கும், ஒரு கிலோவுக்கு எவ்வளவு உமிழ்வு என்று பெருக்கித்தான் எண்ணைச் சொல்கிறார்கள். போக்கைத் தெரிந்துகொள்ள அது போதும். ஒரு வருடத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் உள்ள சின்ன வித்தியாசத்தை வைத்து ஒரு முடிவுக்கு வராதீர்கள்.

எல்லாமே கூடிக்கொண்டுதான் இருக்கிறதா, குறைந்தது எதுவும் இல்லையா?

இருக்கிறது. மின்சாரம் கொஞ்சம் சுத்தமாகியிருக்கிறது. பத்து வருடம் முன்பு இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 0.8 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியானது. காற்றாலையும் சூரிய மின்சாரமும் சேர்ந்த பிறகு இப்போது 0.7 கிலோவுக்குச் சற்று மேல். அதனால் அதே டப்பாவைச் செய்ய ஆகும் கார்பனும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அப்புறம், பாட்டிலும் ஜவ்வுத்தாளும் வருடா வருடம் மெலிகின்றன. அது நிறுவனங்கள் செலவைக் குறைக்கச் செய்தது, இருந்தாலும் பலன் பலன்தான்.

பால் கவரா, கண்ணாடி பாட்டிலா? எது மேல்?

எங்கள் கூட்டத்தில் அதிகச் சண்டை நடந்த கேள்வி இது. கடைசியில் தராசை எடுத்தோம்.

அரை லிட்டர் பச்சைக் கவர் பத்தைக் கழுவி, கொடியில் காயப்போட்டு, சமையலறை எலக்ட்ரானிக் தராசில் வைத்தோம். பத்தும் சேர்ந்து 30 கிராமைத் தொடவில்லை. ஆக, ஒரு கவர் 3 கிராமுக்கும் குறைவு. பாலிதீன் ஒரு கிலோ செய்து ஜவ்வுத்தாளாக்க இரண்டரை கிலோ அளவுக்குக் கார்பன் என்று வைத்துக்கொண்டால், ஒரு கவருக்கு சுமார் 7 கிராம். அரை லிட்டர் கண்ணாடி பாட்டிலின் எடை 350 கிராம் பக்கம் வரும். ஒரு கிலோ கண்ணாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கார்பன் என்றால் பாட்டில் ஒன்றுக்கு 350 கிராம். கழுவும் வெந்நீரையும் எடையைச் சுமக்கும் டீசலையும் சேர்க்காமலே, அந்த பாட்டில் 50 தடவை வீட்டுக்கும் பால் பண்ணைக்கும் போய் வந்தால்தான் கவரோடு சமமாகும்.

பழைய பாட்டில் முறையை மனதில் வைத்துப் பேசிய எனக்கு இந்தக் கணக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கணக்கு அதுதான். கார்பன் என்ற ஒரே அளவுகோலில் பால் கவர் ஒரு திறமையான பொருள். அதோடு, அது ஒரே வகை பிளாஸ்டிக்கால் ஆனது, கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் பழைய சாமான் கடையில் எடை போட்டு வாங்கிக்கொள்வார்கள். செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. மூலையை வெட்டும்போது அந்தச் சின்னத் துணுக்கைத் துண்டித்துவிடாதீர்கள், கவரோடு ஒட்டியே இருக்கட்டும். துணுக்கை யாரும் பொறுக்க மாட்டார்கள். அது சாக்கடைக்குத்தான் போகும்.

அப்படியானால் கண்ணாடி மோசமான பொருளா?

ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப்போட்டால் மிக மோசம். மணலையும் சோடா உப்பையும் சுண்ணாம்புக்கல்லையும் சுமார் 1,500 டிகிரியில் உருக்கவேண்டும். எரிபொருளின் புகை ஒரு பக்கம், சுண்ணாம்புக்கல்லும் சோடா உப்பும் சூட்டில் பிரிந்து தாங்களே கார்பன் டை ஆக்சைடை விடுவது இன்னொரு பக்கம். ஜாம் பாட்டிலும் ஊறுகாய் பாட்டிலும் இந்த வகை.

சுற்றி வந்தால் கதை மாறுகிறது. கோலி சோடா பாட்டிலை நினைத்துப் பாருங்கள். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872ல் காப்புரிமை வாங்கிய வடிவம். நம் ஊரில் ஒரே பாட்டில் வருடக்கணக்கில் நிரம்பி, காலியாகி, மறுபடி நிரம்பியது. விருதுநகரில் 1916ல் தொடங்கிய காளிமார்க்கின் கலர் பாட்டில்களும் மரப்பெட்டியில் அடுக்கிக் கடைக்கும் ஆலைக்கும் போய் வந்தவைதான். பாட்டிலைத் தரவில்லை என்றால் கடைக்காரர் முன்பணத்தைத் தரமாட்டார். அந்தச் சின்ன முன்பணம்தான் முழு முறையையும் தாங்கிப் பிடித்தது.

அது இன்றைக்கும் நடக்கும் என்பதற்குச் சாட்சி, வேறொரு பாட்டில். நீலகிரி மாவட்டத்தில் காட்டில் உடைந்து கிடக்கும் மது பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழித்தன. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 2022 மே மாதம் அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தரும் முறை வந்தது. பெரும்பகுதி பாட்டில்கள் திரும்பி வந்தன. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. இதையே குளிர்பானத்துக்கும் எண்ணெய்க்கும் ஏன் செய்யக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பக் கேட்பேன்.

பிரியாணி வரும் அலுமினியப் பெட்டி நல்லதா?

பிளாஸ்டிக் இல்லை என்பதால் நிறையப் பேர் நிம்மதியாக வாங்குகிறார்கள். கார்பன் கணக்கில் அதுதான் அதிக கனம். பாக்ஸைட்டிலிருந்து ஒரு கிலோ அலுமினியம் பிரித்தெடுக்க 14 யூனிட் மின்சாரம் ஆகும். இந்தியாவின் அலுமினிய ஆலைகள் பெரும்பாலும் தங்களுக்கென்று நிலக்கரி மின்நிலையம் வைத்திருப்பவை. அதனால் மின்சாரத்துக்கு மட்டுமே ஒரு கிலோவுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ கார்பன் ஆகிவிடும். மற்றவற்றையும் சேர்த்தால் இன்னும் மேலே.

நல்ல செய்தியும் உண்டு. பழைய அலுமினியத்தை உருக்கி மறுபடி செய்தால் அந்த ஆற்றலில் 5 சதவீதம் போதும். ஆகவே பெட்டி வந்துவிட்டால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, நசுக்கி, பழைய சாமான்காரருக்குக் கொடுங்கள். மசாலாவோடு ஈரக்குப்பையில் போனால் அவ்வளவு நிலக்கரியும் வீண்.

காகிதம்?

மரம் வளரும்போது கார்பனை இழுக்கிறது என்பது உண்மை. கூழாக்கவும் உலர்த்தவும் நிறையத் தண்ணீரும் நீராவியும் வேண்டும் என்பதும் உண்மை. எண்ணெய், தண்ணீர் தாங்கவேண்டுமானால் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு வந்துவிடுகிறது. காகித டம்ளர் அப்படித்தான், அது காகிதமாகவும் மறுசுழற்சிக்குப் போகாது, பிளாஸ்டிக்காகவும் போகாது. செய்தித்தாளில் வடை கட்டுவதும் வேண்டாம். அச்சு மை சூடான எண்ணெயில் கரையும் என்று உணவுப் பாதுகாப்புத் தர ஆணையம் 2016லேயே எச்சரித்தது.

வாழை இலைதானே எல்லாவற்றுக்கும் பதில்?

கிட்டத்தட்ட. இலைக்கென்று தனியாக ஆலை வேண்டாம், அச்சு வேண்டாம். அது வளரும்போது இழுத்த கார்பன்தான் மக்கும்போது வெளியே போகிறது. தூத்துக்குடியிலிருந்தும் தேனியிலிருந்தும் சென்னைக்கு லாரியில் வரும் டீசலைச் சேர்த்தாலும் மற்றவற்றோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான். மந்தாரை இலையில் தைத்த தையல் இலையும் பாக்குமட்டைத் தட்டும் உடன்குடிக் கருப்பட்டி வரும் பனை ஓலைப் பெட்டியும் இதே குடும்பம்.

சாப்பிட்டு முடித்த பிறகு இலை எங்கே போகிறது என்பதில்தான் சிக்கல். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் மாடு தின்றால் நல்லது, உரக்குழிக்குப் போனால் இன்னும் நல்லது. பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பைமேட்டில் பத்தடி ஆழத்தில் அமுக்கினால் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் விடும். 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடி குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்ததே, அப்படிப்பட்ட மேடுகளுக்குள் இந்த வாயு எப்போதும் இருக்கிறது. இலையை நல்ல பொருளாக வைத்திருப்பது நாம் அதைத் தனியாகப் பிரித்துப் போடுவதுதான்.

குப்பையும் கார்பனும் ஒன்றுதானே? பிளாஸ்டிக்கை ஒழித்தால் இரண்டும் தீர்ந்ததல்லவா?

நிறையப் பேர் குழம்பும் இடம் இதுதான். இரண்டும் வேறு வேறு கணக்கு.

கடற்கரையில் கிடக்கும் ஒரு சிப்ஸ் உறை ஆமைக்கும் மீனுக்கும் ஆபத்து, ஆனால் அங்கே கிடப்பதால் பெரிதாகக் கார்பன் வெளியாவதில்லை. அதன் கார்பன் பெரும்பாலும் ஆலையிலேயே வெளியாகிவிட்டது. 2019ல் உலகில் பிளாஸ்டிக்கால் வந்த உமிழ்வு சுமார் 180 கோடி டன், அதில் 90 சதவீதம் உற்பத்தியின்போதே வந்தது என்று, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட பொருளாதாரக் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. கணக்கிட்டிருக்கிறது. எரித்தால் மட்டும் மறுபடி கூடும். ஒரு கிலோ பாலிதீன் முழுவதும் எரிந்தால் 3 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. தெருமுனையில் விடியற்காலையில் கொளுத்துகிறார்களே, அதில் நச்சுப்புகையும் கரித்துகளும் சேர்ந்து வருகின்றன. அதை முதலில் நிறுத்தவேண்டும்.

ஆக, ஒரு பொருள் குப்பைக் கணக்கில் மோசமாகவும் கார்பன் கணக்கில் லேசாகவும் இருக்கலாம், பால் கவரைப்போல. நேர்மாறாகவும் இருக்கலாம், ஊறுகாய் பாட்டிலைப்போல. இரண்டையும் பார்த்துத்தான் முடிவெடுக்கவேண்டும்.

தமிழ்நாட்டின் 2019 தடை கார்பனைக் குறைத்ததா?

2019 ஜனவரி 1 முதல் கேரி பேக், தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூச்சுள்ள டம்ளர், தண்ணீர் பாக்கெட் என்று 14 வகைப் பொருள்களுக்குத் தடை வந்தது. நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதல் 19 பொருள்கள் தடையாயின. இவற்றின் நோக்கம் சாக்கடை அடைப்பும் மாட்டின் வயிறும் மண்ணும்தான். அதற்காகவே இந்தத் தடையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

கார்பன் குறைந்ததா என்பது, கவருக்குப் பதில் என்ன வந்தது என்பதைப் பொறுத்தது. கையில் பையோ தூக்கோ வந்தால் குறையும். ஒரு தடவை தூக்கிப்போடும் கனமான காகிதப் பையோ, துணி மாதிரித் தெரியும் பாலிப்ரொப்பிலீன் பையோ வந்தால் கூடவே செய்யும். 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் இதில் சரியான இடத்தைத் தொட்டது. பருத்திப் பையைச் செய்யவும் கார்பன் ஆகிறது. டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் துறை 2018ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சாதாரணப் பருத்திப் பை அங்குள்ள பிளாஸ்டிக் பையோடு பருவநிலைக் கணக்கில் சமமாக 52 தடவை பயன்படவேண்டும் என்று வந்தது. நம் ஊர்க் கவர் அதைவிட மெலிசு, ஆகவே இங்கே இன்னும் கூடுதல் தடவை வேண்டும். மஞ்சப்பைக்கு அது பெரிய விஷயமே இல்லை. என் மாமியார் வீட்டில் ஒரு ஜவுளிக்கடைப் பை கல்யாணத்துக்குப் பட்டு எடுத்த நாளிலிருந்து காய்கறி தூக்குகிறது, கைப்பிடி மட்டும் இரண்டு தடவை மாறியிருக்கிறது. ஆனால் விசேஷ வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்து அலமாரியில் ஐம்பது மஞ்சப்பை மடித்துக் கிடந்தால் அது வீண் சுமை.

மக்கும் பிளாஸ்டிக் என்று எழுதியிருக்கிறதே?

சோளமாவிலிருந்து செய்பவை பெரும்பாலும் 60 டிகிரிக்கு அருகில் சூடான உர ஆலையில்தான் மக்கும். வீட்டுத் தொட்டியில் மக்காது, கடலிலும் மக்காது. அருகில் அப்படி ஒரு ஆலை இல்லை என்றால் வாங்கிப் பயனில்லை.

சிப்ஸ் பாக்கெட்டை என்ன செய்வது?

அது ஒரே தாள் இல்லை. பிளாஸ்டிக், மெல்லிய அலுமினியப் பூச்சு, அச்சு, மேலே மறுபடி பிளாஸ்டிக் என்று ஒட்டிய அடுக்கு. பிரிக்க முடியாததால் பழைய சாமான்காரர் தொடமாட்டார். உள்ளாட்சிகள் சேகரித்து அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்புகின்றன. எரியத்தான் செய்கிறது, ஆனால் அந்த அளவுக்கு நிலக்கரி மிச்சம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் காட்டிய வழி எனக்கு இன்னும் பிடிக்கும். இத்தகைய பிளாஸ்டிக்கைத் துகளாக்கி, சூடான ஜல்லியின் மேல் பூசி, தாரோடு சேர்த்துச் சாலை போடுவது. உறையில் உள்ள கார்பன் எரியாமல் சாலைக்குள் உறைந்துவிடுகிறது, தாரும் கொஞ்சம் மிச்சம். 2018ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

சின்ன பாக்கெட் வாங்குவது தவறா?

தவறு என்று ஏழை வீட்டைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது. கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சின்ன உறையில் அடைத்து விற்றது, நாள்கூலி வாங்குபவரும் அன்றைக்குத் தேவையானதை மட்டும் வாங்கட்டும் என்றுதான். அங்கிருந்து அந்த யோசனை காபித்தூள், ஊறுகாய், சத்துமாவு வரை பரவியது.

ஆனால் வடிவியல் இரக்கம் காட்டாது. ஒரு பெட்டியின் பக்கத்தைப் பாதியாக்கினால் அதே சரக்குக்கு எட்டுச் சின்னப் பெட்டி வேண்டும், உறைப்பரப்பு இரண்டு மடங்காகிவிடும். மாதச் சாமான் வாங்க முடிகிறவர்கள் பெரிய பொட்டலம் வாங்கலாம். முடியாதவர்களுக்கு, ரேஷன் கடையிலும் மளிகைக்கடையிலும் சொந்த டப்பாவில் அளந்து வாங்கும் வசதி திரும்பவேண்டும்.

26 கிலோ அரிசி மூட்டைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

சின்னத் தொடர்புதான். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை முன்கூட்டியே பைகட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. உடனே ஆலைகள் 26 கிலோ சிப்பம் போட ஆரம்பித்தன. ஒரு வரி விதி ஒரு நாட்டின் பை அளவையே எவ்வளவு சீக்கிரம் மாற்றுகிறது என்பதற்காகச் சொல்கிறேன். கார்பனைக் குறைக்கவும் அதே கருவி கையில் இருக்கிறது.

பேக்கிங்கே இல்லாமல் விற்றால் நல்லதுதானே?

எல்லாவற்றுக்கும் இல்லை. உலக சராசரிப்படி ஒரு லிட்டர் பாலுக்கு ஏறக்குறைய 3 கிலோ கார்பன். அப்படியானால் அரை லிட்டருக்கு ஒன்றரை கிலோ. முன்பு சொன்ன கவர் 7 கிராம். அரை லிட்டர் பால் திரிந்து கீழே கொட்டினால் 200 கவருக்கு மேலான கார்பன் வாய்க்காலில் போகிறது. இறைச்சி, மீன், பனீருக்கும் இதே நியாயம். உணவைக் காப்பாற்றும் உறை தன் விலையைப் பலமடங்கு திருப்பித் தந்துவிடும். டெட்ரா பேக் பாலும் இதனால்தான் முழுக்க மோசம் இல்லை. அட்டை, பாலிதீன், அலுமினியம் ஒட்டியிருப்பதால் பிரிப்பது கடினம், ஆனால் குளிர்பெட்டி இல்லாமல் மாதக்கணக்கில் நிற்கும். எட்டு வாழைப்பழத்தைத் தட்டில் வைத்து ஜவ்வுத்தாள் சுற்றி விற்பதற்கு இந்த நியாயம் எதுவும் இல்லை. அந்தப் பழத்துக்கு இயற்கையே தோல் கொடுத்திருக்கிறது.

தண்ணீர் பாட்டில்?

ஒரு லிட்டர் பெட் பாட்டில் 20 கிராம் அளவு, அதற்கு 60 கிராம் பக்கம் கார்பன். உள்ளே இருப்பது தண்ணீர். பாலுக்குச் சொன்ன நியாயம் இங்கே செல்லாது. சென்னை வீடுகளில் சுற்றி வரும் 20 லிட்டர் கேன் பலமுறை நிரம்புவதால் எவ்வளவோ மேல். நீலகிரி 2019ல் சின்ன தண்ணீர் பாட்டிலைத் தடை செய்து, தெருவில் குடிநீர் இயந்திரம் வைத்தது. மற்ற சுற்றுலா ஊர்களும் செய்யலாம்.

நிறுவனங்களுக்குப் பொறுப்பு எதுவும் இல்லையா?

இருக்கிறது. பிளாஸ்டிக் உறையில் விற்பவர்கள் அதே அளவு கழிவைச் சேகரித்துக் கணக்குக் காட்டவேண்டும் என்ற உற்பத்தியாளர் பொறுப்பு விதி 2022 பிப்ரவரியில் விரிவாக வந்தது. கெட்டியான பிளாஸ்டிக் பொதிகளில் 2025–26 முதல் 30 சதவீதம் மறுசுழற்சிப் பிளாஸ்டிக் இருக்கவேண்டும் என்றும், பிறகு வருடா வருடம் கூடவேண்டும் என்றும் அந்த விதி சொல்கிறது. புதுப் பிளாஸ்டிக்கின் உற்பத்தியைத் தொடுவதால் கார்பனைக் குறைக்கும் பகுதி அதுதான். திரும்ப நிரப்பும் பாட்டிலுக்கும் இதே கண்டிப்பு வந்தால் நான் இன்னும் மகிழ்வேன்.

வீட்டில் எங்கே தொடங்குவது?

ஒரு வாரத்து உலர்குப்பையைக் கொட்டி, வகைவகையாகக் குவித்து எடை போடுங்கள். எங்கள் வீட்டில் பால் கவர் கடைசியில் நின்றது. முதலில் நின்றவை ஓட்டல் பார்சல் டப்பாவும் குளிர்பான பாட்டிலும். அன்று முதல் ஞாயிற்றுக்கிழமை தெருமுனை ஓட்டலுக்கு நாலடுக்குக் கேரியரைக் கொண்டுபோகிறேன். முதல் வாரம் கல்லாவில் இருந்தவர், "சார், பார்சலுக்கு எங்ககிட்டயே டப்பா இருக்கு" என்றார். "தெரியும்ணே, இதிலேயே போடுங்க" என்றேன். இரண்டாம் வாரம் சாம்பார் அடுக்கை விளிம்புவரை நிரப்பினார். இப்போது வரிசையில் இன்னும் மூன்று தூக்குகள் நிற்கின்றன, கேரியரைப் பார்த்ததும் அவரே டப்பாவுக்கான பத்து ரூபாயைக் கழித்துவிட்டு பில் போடுகிறார்.